செல்லாதது முகவரியா, சோதனையா?



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவரும் இப்பதிவிலே இன்று மென்பொருள் சோதனையைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று எவரேனும் கேட்கலாம். சோதனைத்தாள் அணியப்படுத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் எம் தொழில். சரியான விடைக்குத் தவறு போட்டுவிட்டால் ஒரு பிள்ளையின் முகம் எப்படி வாடும் என்பதை நாள்தோறும் காண்பவர்கள் நாம். ஆகவே, சோதனை என்பது எங்கே பிழைபட்டாலும் அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு.

நடந்தது என்ன?

எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இணையவழிப் பேச்சுப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள மூன்று வாரம் பயிற்சி செய்தாள். உரையை நான்தான் திருத்திக் கொடுத்தேன். இடைவேளை மணி அடித்தபின்னும் ஆசிரியர் அறை வாயிலில் நின்று, "ஐயா, இன்னொரு முறை சொல்லிக் காட்டட்டுமா?" என்று கேட்கும் பிள்ளை அவள்.

போட்டிக்கான பதிவு இணையத்தில் மட்டுமே. இறுதி நாள் இரவு, வேலையெல்லாம் முடித்துவிட்டு அவளுடைய தாயார் கைப்பேசியில் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். முதலில் பெயர். மகளின் பெயரில் உள்ள "ஏ/பி" என்னும் பகுதியின் சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், அரசாங்கம் எழுதிக் கொடுத்த பெயர், அந்தப் படிவத்திற்குப் பிழையான பெயர்! கோட்டை நீக்கிவிட்டு அடுத்த கட்டத்திற்குச் சென்றார்.

அடுத்தது மின்னஞ்சல். அவருடைய கணவர் திருமண நிகழ்வுகளுக்குப் படம்பிடிக்கும் தொழில் செய்பவர். கடையின் மின்னஞ்சல் முகவரி 'போட்டோகிராபி' என்னும் நீண்ட ஈற்றைக் கொண்டது. முகவரி அட்டையில் அச்சாகியிருப்பதும், திருமண வீட்டார் வாரந்தவறாமல் மடல் எழுதுவதும் அம்முகவரிக்கே. அதனை இட்டார். "செல்லாத மின்னஞ்சல் முகவரி" என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மீண்டும் தட்டச்சினார். மீண்டும் சிவப்பு. எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பார்த்து ஐந்து முறை முயன்றார். நள்ளிரவு கடந்தது; பதிவு மூடப்பட்டது.

மறுநாள் காலை பள்ளி வாயிலில் அவர் என்னிடம் சொன்ன சொற்கள் இன்னும் காதில் ஒலிக்கின்றன. "எனக்குக் கணினியெல்லாம் அவ்வளவாகத் தெரியாது, ஐயா. நான்தான் எங்கேயோ பிழையாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது."

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தது படிவம். ஆயினும் குற்ற உணர்ச்சியோடு நின்றவர் அவர். இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம் அதுவே.

அலகுச் சோதனை என்பது யாது?

என்னிடம் படித்து இப்போது கோலாலம்பூரில் நிரலராகப் பணிபுரியும் மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அந்தப் போட்டிப் படிவத்தை எழுதியவர் அவரல்லர். ஆனால் அதைப்போன்ற படிவங்கள் பலவற்றை எழுதியவர். தம் மடிக்கணினியைத் திறந்து, "இதுபோன்ற தவறு எங்களிடம் நேராது, ஐயா. அலகுச் சோதனை எழுதியிருக்கிறேன்" என்றார்.

ஒரு மென்பொருளின் மிகச்சிறிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று இன்னொரு சிறு நிரலைக் கொண்டு சோதிப்பதே அலகுச் சோதனை. "இந்தச் சொல்லைக் கொடுத்தால் ஆம் என்று சொல், அந்தச் சொல்லைக் கொடுத்தால் இல்லை என்று சொல்" என்று கேள்வியும் விடையும் முன்னதாகவே எழுதி வைக்கப்படும். நிரலில் ஒரு வரி மாறினாலும் சோதனைகள் அனைத்தும் சில நொடிகளில் மீண்டும் ஓடும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. 1997-ஆம் ஆண்டு கென்ட் பெக், எரிக் காமா ஆகிய இருவரும் ஜாவா மொழிக்காக உருவாக்கிய 'ஜேயூனிட்' என்னும் கருவிக்குப் பின்னர் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. நல்ல வழக்கம், அதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை.

மாணவரின் சோதனைப் பட்டியலைப் பார்த்தேன். பதினொரு சோதனைகள். @ குறி இல்லாதது, இரண்டு @ உள்ளது, இடைவெளி உள்ளது, வெற்றுக் கட்டம் என்று ஒன்பது சோதனைகள் தவறான முகவரிகளை மறுப்பதற்கு. சரியான முகவரியை ஏற்பதற்கோ இரண்டே இரண்டு! அவ்விரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை: எளிய பெயர், ஜிமெயில், 'காம்' என்னும் ஈறு.

"இதில் அந்த அம்மாவின் முகவரியைச் சேர்த்துப் பாருங்கள், தம்பி" என்றேன். சேர்த்தார். ஓட்டினார். சிவப்பு.

சற்று நேரம் அவர் பேசவில்லை.

பச்சை விளக்கு சொல்லும் பொய்

என் குற்றச்சாட்டை நேராகவே வைக்கிறேன். மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் நிரலுக்கு எழுதப்படும் அலகுச் சோதனைகள் பெரும்பாலும் ஒருபக்கச் சோதனைகள். கெட்டதை விலக்குகிறதா என்று பார்க்கின்றன. நல்லதை ஏற்கிறதா என்று பார்ப்பதில்லை. இது, தவறான விடைக்குச் சுழியம் போடத் தெரிந்த ஒருவரைச் சரியான விடைக்குப் புள்ளி கொடுக்கத் தெரியுமா என்று கேளாமலேயே தேர்வாளராக அமர்த்துவது போலாகும். எல்லா விடைத்தாளுக்கும் சுழியம் போட்டுவிட்டால், தவறான விடை ஒன்றுகூடத் தப்பாது அன்றோ? அவரையும் 'கண்டிப்பான தேர்வாளர்' என்று போற்றுவோமா?

இதிலே இரண்டாவது ஏமாற்றும் உண்டு. மென்பொருள் துறையினர், நிரலின் வரிகளில் எத்தனை விழுக்காடு சோதனையின்போது ஓடின என்று கணக்கெடுப்பர். நூறு விழுக்காடு என்றால் பெருமை. ஆனால் முகவரியைச் சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். எழுத்துகளின் வரிசையை வருணிக்கும் ஒரு குறியீட்டுத் தொடர் அந்த வரியில் இருக்கும். அதனை அவர்கள் ரெகெக்ஸ் என்பர். யாப்புப் படித்த நாம் வாய்பாடு என்று சொல்லிக்கொள்வோம். ஒற்றை வரி என்பதால், ஒரே ஒரு முகவரியைக் கொடுத்து ஓட்டினாலும் நூறு விழுக்காடு! தேமா ஒன்றை மட்டும் அலகிட்டுவிட்டு யாப்பிலக்கணம் முழுவதும் கற்றுவிட்டேன் என்று ஒரு மாணவன் சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

மூன்றாவது, இவற்றிற்கெல்லாம் வேரான பிழை. வாய்பாட்டை எழுதியவரே சோதனையையும் எழுதுகிறார். அதுவும் வாய்பாட்டைப் பார்த்தே எழுதுகிறார். மாணவன் தன் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடைப்பட்டியலை எழுதினால் அவனுக்கு நூற்றுக்கு நூறுதான் கிடைக்கும். சோதனையின் விடை, சோதிக்கப்படும் பொருளுக்கு வெளியேயிருந்து வரவேண்டும். மின்னஞ்சலுக்கு அத்தகைய வெளி அளவுகோல் இல்லையா? உண்டு.

முகவரிக்கும் இலக்கணம் உண்டு

1971-ஆம் ஆண்டு இரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் வழியை அமைத்தபோது, பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தார். பின்னர் 1982-ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 822 என்னும் ஆவணம் மடலுக்கான இலக்கணத்தை வகுத்தது. 2008-ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 5321, 5322 ஆகிய இரண்டும் வெளிவந்தன. எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

அவ்விலக்கணம் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன்.

1. @ குறிக்கு முன்னுள்ள பகுதியில் எழுத்தும் எண்ணும் புள்ளியும் மட்டுமல்ல. கூட்டல் குறி, சிறுகோடு, மேற்கோள் ஒற்றைக்குறி, சாய்கோடு ஆகியவையும் வரலாம். ஆம், படிவம் வெறுத்த அதே சாய்கோடு, மின்னஞ்சல் முகவரியில்கூட இலக்கணப்படி செல்லும்!

2. முன்பகுதியின் நீளம் 64 பைட்டுகள் வரை. முகவரியின் மொத்த நீளம் 254 வரை.

3. முன்பகுதிக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை, அம்மடலைப் பெறும் கணினிக்கு மட்டுமே உண்டு. இடையில் உள்ள எவருக்கும் இல்லை.

4. ஈறு எத்தனை எழுத்து நீளமாக இருக்கவேண்டும் என்று 'இரண்டு முதல் நான்கு' போன்ற வரம்பு ஏதும் இல்லை.

நான்காவதை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். என் மாணவரின் வாய்பாட்டில் இருந்தது அந்த வரம்புதான். "எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்றேன். "இணையத்தில் கிடைத்தது, ஐயா. எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்றார். உரோமன் எழுத்தில் ஆறு எழுத்துகள் கொண்ட 'மியூசியம்' என்னும் ஈறு 2001-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு தொடங்கிப் புதிய ஈறுகள் நூற்றுக்கணக்கில் சேர்க்கப்பட்டன. 'போட்டோகிராபி' அவற்றுள் ஒன்று. உரோமன் எழுத்தில் பதினொன்று. இணையம் வளர்ந்துவிட்டது. எழுதப்பட்ட நாளிலேயே பிழையாக இருந்த வாய்பாடு மட்டும், படியெடுத்துப் படியெடுத்து இன்றும் உயிர்வாழ்கிறது.

அறிஞர்களும் தவறுவர் என்பதற்கு ஒரு சான்று. இத்தகைய படிவங்களை எழுதுவோர்க்கு வழிகாட்டுவதற்கென்றே 2004-ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 3696 என்னும் ஆவணம் வெளியிடப்பட்டது. எழுதியவர் துறையிலே மூத்தவரான ஜான் கிளென்சின். அதிலேயே முகவரியின் உச்ச நீளம் 320 என்று பிழையாக இடம்பெற்றுவிட்டது; பின்னர் 254 என்று பிழைதிருத்தம் வெளியிடப்பட்டது. மூத்தோர் எழுதிய வழிகாட்டிக்கே திருத்தம் தேவைப்பட்டதென்றால், எவரோ எங்கோ எழுதிய வாய்பாட்டைச் சோதியாமல் நம்புவது முறையா?

"பாதுகாப்புக்காகத்தான்" என்னும் வாதம்

மறுப்பாளர் சொல்லக்கூடியவற்றை மறைக்காமல் எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: கண்டிப்பாக வடிகட்டினால்தான் பொய் முகவரிகள் நுழையா. இது மெய்யன்று. வாய்பாடு உருவத்தைத்தான் பார்க்கும், உயிரைப் பார்க்காது. விசைப்பலகையில் கண்டபடி நான்கைந்து எழுத்துகளைத் தட்டி, @ போட்டு, இன்னும் சில எழுத்துகளைத் தட்டி, 'காம்' என்று முடித்தால் எல்லாப் படிவமும் அதனை ஏற்கும். அந்தத் தாயார் இட்ட உண்மையான முகவரியை மறுக்கும்! ஒரு முகவரி உயிருடன் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதற்கு ஒரு மடல் அனுப்பி மறுமொழி பெறுவதுதான்.

இரண்டாம் வாதம்: ஒற்றைக் குறி போன்றவை தரவுத்தளத்தைத் தாக்கப் பயன்படும். தாக்குதல் உண்மை, மருந்துதான் தவறு. உள்ளீட்டைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி மதிப்பாகத் தரவுத்தளத்திற்கு அனுப்புவதும், திரையில் காட்டும்போது உரிய மாற்றுக்குறியாக்கம் செய்வதுமே அதற்கான காப்பு. பெயரிலேயே ஒற்றைக் குறியுடைய அயர்லாந்துக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்புவது காப்பாகாது. மேலும், அளவுக்கு மீறிச் சிக்கலாக்கிய வாய்பாடுகள் சிலவற்றுக்குத் தக்கவாறு ஒரு சொல்லை அமைத்துக் கொடுத்தால், அவை விடை காண முடியாமல் கணினியையே திணறடிக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

மூன்றாம் வாதம்: இவையெல்லாம் அரியவை, ஒருவரும் முறையிடவில்லையே! முறையிடுவது எப்படி? முறையீட்டுப் படிவத்திலும் அதே மின்னஞ்சல் கட்டம், அதே வாய்பாடு! உள்ளே வந்தவரை மட்டும் எண்ணிவிட்டு, வாயிலிலேயே திரும்பிப் போனவர் எவருமில்லை என்று சொல்வது கணக்காகாது.

எதிர்த்தரப்பின் பக்கமும் நியாயம் உண்டு. இலக்கணத்தில் உள்ள அனைத்தையும் ஏற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேற்கோள் குறிக்குள் இடைவெளி விட்டெழுதுவது, முகவரிக்குள் அடைப்புக்குறியிட்டுக் குறிப்பெழுதுவது போன்ற பழைய வடிவங்கள் அதில் உள்ளன. ஆர்.எஃப்.சி. 822-ஐத் தழுவிப் பெர்ல் மொழியில் ஆக்கப்பட்ட வாய்பாடு ஒன்று 6000-க்கும் மேற்பட்ட குறியீடுகள் நீளமுடையது. எச்.டி.எம்.எல். தரமே, நடைமுறைக்காக இவ்விலக்கணத்திலிருந்து வேண்டுமென்றே விலகுவதாக வெளிப்படையாகச் சொல்லித் தனி வாய்பாடு தருகிறது. அறிந்து விலகுவது வேறு. அறியாமல் மறுப்பது வேறு. முன்னது முடிவு, பின்னது கவனக்குறைவு.

தமிழில் ஒரு முகவரி இருந்தால்?

நம்மை இன்னும் நேராகத் தொடும் செய்தி ஒன்றுண்டு. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6531, ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் மின்னஞ்சல் முகவரி அமைய வழிவகுத்தது. தமிழ் எழுத்தாலேயே ஆன 'சிங்கப்பூர்' என்னும் ஈறு 2011-ஆம் ஆண்டிலேயே இணையத்தில் இடம்பெற்றுவிட்டது. ஆக, முழுவதும் தமிழிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கலாம், அது முறையானது. எத்தனைப் படிவங்கள் அதை ஏற்கும்?

நல்லெண்ணம் கொண்ட நிரலரும் இங்கே இடறுவார். "எந்த மொழியின் எழுத்தாயினும் ஏற்றுக்கொள்" என்று வாய்பாட்டில் எழுதுவார். 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தால் மறுக்கும். ஏன் தெரியுமா? யூனிகோடு முறையில் த, ம, ழ ஆகியவை எழுத்துகள். ஆனால் இகரத்தின் கொக்கியும் மெய்யின் புள்ளியும் 'குறிகள்' என்னும் வேறு வகுப்பு. எழுத்தை மட்டும் ஏற்கும் வாய்பாடு, புள்ளியும் கொக்கியும் இல்லாத தமிழைத்தான் ஏற்கும்! முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்ததை அந்த வாய்பாடு அறியாது. நீளத்திலும் இதே இடர். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு. கணினி நினைவகத்தில் 15 பைட்டு. 64 என்னும் வரம்பை எதைக்கொண்டு எண்ணுகிறோம் என்பதையும் சோதிக்கவேண்டும். 'தமிழ்' என்னும் ஒரே சொல்லைச் சோதனைப் பட்டியலில் சேர்த்திருந்தால் இவ்விரு குறைகளுக்கும் அது வழிகாட்டியிருக்கும்.

என்ன செய்யவேண்டும்?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரிடத்தில் ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். பிழை இருபக்கமும் உண்டு என்பதை அறிந்தவர் அவர். நம் சோதனைகளும் அதை அறியவேண்டும்.

நிரலர்களே, உங்களிடம் வேண்டுவன நான்கு. முதலாவது, மறுக்கவேண்டியவற்றின் பட்டியலுக்கு முன்பாக ஏற்கவேண்டியவற்றின் பட்டியலை எழுதுங்கள். கூட்டல் குறியுள்ளது, ஒற்றைக் குறியுள்ளது, ஒரே எழுத்தாலானது, நீண்ட ஈறுடையது, தமிழெழுத்தாலானது ஆகியவற்றைச் சேருங்கள். நம் மாணவர்க்குக் கல்வி அமைச்சு வழங்கும் டெலிமா முகவரியையும் சேருங்கள்; அதன் முன்பகுதியிலும் சிறுகோடு, பின்பகுதியிலும் சிறுகோடு. இரண்டாவது, எல்லையைச் சோதியுங்கள். தேர்ச்சிப் புள்ளி 40 என்றால் 40-ஐயும் 39-ஐயும் திருத்திப் பார்ப்பதுபோல, முன்பகுதி 64 பைட்டு ஏற்கப்படவும் 65 மறுக்கப்படவும் வேண்டும். மூன்றாவது, உண்மையான பயனர் ஒருவர் மறுக்கப்பட்டதாக அறிந்தால், வாய்பாட்டைத் திருத்தும் முன்னரே அவருடைய முகவரியின் வடிவத்தைச் சோதனையில் சேர்த்துவிடுங்கள். அதே பிழை மீண்டும் வராது. நான்காவது, வாய்பாட்டின் வேலையைக் குறையுங்கள். @ இருக்கிறதா, இருபுறமும் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். முனையில் ஒட்டிய இடைவெளியை நீங்களே நீக்குங்கள். ஐயமிருந்தால் "இதுதானா?" என்று கேளுங்கள், "செல்லாது" என்று தீர்ப்பெழுதாதீர்கள். எஞ்சியதை உறுதிப்படுத்தும் மடல் பார்த்துக்கொள்ளும்.

சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமேயன்றிப் பிழை இல்லையென்பதைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டெய்க்ஸ்டிரா 1969-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். பச்சை விளக்கு, நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை. கேளாத கேள்விக்கு அது பொறுப்பேற்காது.

ஆசிரியர்களே, நம் பிள்ளைகள் நிரலாக்கம் பழகும் காலம் இது. நிரல் எழுதக் கற்பிக்கும் நாளிலேயே, "உன் நிரல் யாரைத் தவறாக வெளியே நிறுத்தும்?" என்னும் கேள்வியையும் கற்பித்துவிடுங்கள். பெற்றோர்களே, படிவம் சிவப்பு எழுத்தில் மறுத்தால் பிழை உங்களுடையது என்று முதலிலேயே தலைகுனிந்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடியுங்கள், ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்து, "என் முகவரி சரியானது, உங்கள் சோதனையைப் பாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

என் மாணவர் அன்றிரவே தம் பட்டியலை மாற்றியெழுதினார். பதினொன்று நாற்பதாகியிருக்கிறதாம், பாதிக்குமேல் ஏற்கவேண்டியவை. முதல் வரியில் அந்தத் தாயார் முகவரியின் வடிவம் இருக்கிறது.

போட்டி முடிந்துவிட்டது, அதை எவராலும் திருப்பித் தரவியலாது. அடுத்து வந்த திங்கட்கிழமைச் சபைகூடலில் அந்த மாணவி தன் உரையை எங்கள் பள்ளியின் முன் நிகழ்த்தினாள். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. கடைசி வரிசையில் நின்று அவளுடைய தாயாரும் கேட்டார். ஏ/பி உள்ளிட்ட அவளுடைய முழுப்பெயரையும் சான்றிதழில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.